தாளில் விழாத பிம்பம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
15-6-2025, ஞாயிறு

கனியின் அப்பாவுக்கு,

ஆனந்தவல்லி எழுதுவது. நானும் கனியும் இங்கே சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

பஸ் ஏறினால் அரை மணி நேரம், இதற்குப் போய்க் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். மூன்று தடவை போனில் பேசினோம். மூன்று தடவையும் நீங்கள் கத்தினீர்கள், நான் அழுதேன், போனை வைத்தோம். கடிதத்தில் கத்த முடியாது. அதனால் இனி எழுதுங்கள். போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

தம்பி முத்துவீரனை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலது பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகிவிட்டேன் என்று சொல்லத்தான் ஏழாம் தேதி காலையில் நம் வீட்டுக்கு வந்தான். அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி ஓட்டத் தேர்வு. இந்தத் தடவை விட்டால் அவனுக்கு வயது தாண்டிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் நாள் முழுக்க என் மண்டையில் இதுதான் ஓடுகிறது.

"மச்சான் வேணும்னேதான் கால்ல வேனை ஏத்துனாரு" என்று அவன் சொல்கிறான். "கண்ணாடியில தூரத்துல தெரிஞ்சான், இடம் இருக்குன்னு நெனச்சேன்" என்று நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் சொன்னீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன், சத்தம் கேட்டுத்தான் வெளியே ஓடி வந்தேன். இரண்டு பேரில் ஒருவர் சொல்வது பொய். ஒருவர் என் கூடப் பிறந்தவர், ஒருவர் என்னைக் கட்டினவர். நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க?

போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று இங்கே எல்லோரையும் தடுத்து வைத்திருப்பது நான்தான். கனிக்காக. ஆடி பிறக்கும் முன்னால், அடுத்த மாதம் பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கண்ணுச்சாமி பெரியப்பா வீட்டில் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். நான் திரும்பி வருவதா, இங்கேயே இருப்பதா என்பதுதான் பேச்சு. அதற்குள் எனக்கு உண்மை தெரிய வேண்டும். அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

பீரோவில் மேல் தட்டில் உங்கள் பிரஷர் மாத்திரை இருக்கிறது.

இப்படிக்கு,
ஆனந்தவல்லி


ராஜபாளையம்
20-6-2025

அன்புள்ள வல்லிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போஸ்ட்மேன் கவரை நீட்டிக்கொண்டே, "என்னண்ணே, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டார். இல்லையப்பா, அதைவிடப் பெரிய இடம் என்றேன். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் டிரிப் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடாதே டீச்சர்.

பிரச்சனை தீரும் வரை மில்லில் என்னிடம் வண்டியைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் ஷிப்டுப் பெண்களை என் வேனில் வேறொருவன் கூட்டி வருகிறான். கிளட்சை மிதிக்கத் தெரியாதவன். வேன் கேட்டைத் தாண்டும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நடந்தது இதுதான். ஏழாம் தேதி விடிந்ததும் வேனைப் பின்னால் எடுக்கக் கிளம்பினேன். உன் தம்பி அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினான். பால்கோவாப் பெட்டியைக் கனி கையில் கொடுத்தான். நேரே வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "இனி நான் போலீசு மச்சான், லைசென்ஸ எடுங்க பாப்போம்" என்றான். பிறகு டிராபிக் போலீஸ் மாதிரி கையை ஆட்டி, "ரைட்டு, ரைட்டு, வரலாம்" என்றான். வேனில் வலதுபக்கக் கண்ணாடி அதற்கு முந்தின வாரம்தான் மாற்றியது. பழையது புளியங்கிளையில் பட்டு உடைந்துபோனதால் ஷெட்டில் எட்வின் வேறொன்றை மாட்டியிருந்தான், குண்டுக் கண்ணாடி. அதில் அவன் தூரத்தில், சின்னதாகத் தெரிந்தான். இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு சத்தம் கேட்டது. அவனுக்குப் பின்னால் வாய்க்கால் சுவர், நகர வழியில்லை. இவ்வளவுதான்.

போன புதன்கிழமை நேரில் பேசலாம் என்று எட்வினிடம் ஆம்னி வேனை வாங்கிக்கொண்டு வில்லிபுத்தூர் வந்தேன். உனக்குத் தெரியாது. உங்கள் தெரு முட்டுத்தெரு, உள்ளே போனால் திருப்ப இடம் கிடையாது. கல்யாணமான நாளில் இருந்து ரிவர்சில்தான் உள்ளே வந்துகொண்டிருக்கிறேன். முக்கில் நிறுத்தி ரிவர்ஸ் கியர் போட்டேன். வண்டியைப் பின்னால் எடுக்க மனம் வரவில்லை. செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மாத்திரையை எடுத்துக்கொண்டேன். கனி சாப்பிடும்போது கீரையை ஒளித்து வைப்பாள், பார்த்துக்கொள்.

உன்,
வேல்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
25-6-2025

கனி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அதில் ஒரே ஒரு வார்த்தை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. குண்டுக் கண்ணாடி என்று எழுதியிருக்கிறீர்களே, அது நிஜமாகவே வெளியே புடைத்த கண்ணாடியா? இதை ஏன் ஆஸ்பத்திரியிலேயே சொல்லவில்லை?

பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்புக்கு இந்த வாரம் நான் நடத்துவதே இதுதான். நீங்கள் இத்தனை வருடம் ஓட்டிய வேனில் இருந்தது தட்டைக் கண்ணாடி. அதில் ஆள் எத்தனை அடி தள்ளி நிற்கிறானோ அத்தனை அடி கண்ணாடிக்கு உள்ளே நிற்பது போலத் தெரியும், உருவமும் அதே அளவு. உங்கள் கண் அதற்குத்தான் பழகியிருக்கிறது. புடைத்த கண்ணாடியில் உருவம் சிறுத்துத் தெரியும். சின்னதாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது என்று கண் தானாகவே முடிவுகட்டிவிடும். பக்கத்தில் நிற்கிறவன் தள்ளி நிற்பது போல இருக்கும். நீங்கள் சொன்னதும் அதுதானே!

இப்படித் தெரிவதற்கு மாய பிம்பம் என்று பெயர். வெளிச்சம் அங்கே இருந்து வருகிற மாதிரி இருக்கும், ஆனால் அங்கே எதுவும் இருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் தகரம். ஒரு தாளைப் பிடித்து அதில் விழவைக்கலாம் என்றால் விழாது. மெய் பிம்பம் வேறு. வெளிச்சம் நிஜமாகவே ஓரிடத்தில் வந்து கூடுகிறது, அங்கே தாளைப் பிடித்தால் படம் விழும், எல்லோரும் பார்க்கலாம். ஆண்டாள் மாலை சூடி முகம் பார்த்த கோவில் கண்ணாடிக் கிணற்றின் கதையைச் சொன்னபோது கனி, "தண்ணிக்குள்ள தெரியிற மொகம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்றேன். "பொறவு எப்படித் தெரியுது?" என்றாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். ஷெட்டுக்குப் போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பென்சிலைப் பிடியுங்கள். உள்ளே தெரிவது பென்சில் அளவே இருந்தால் தட்டை. சின்னதாக, நேராகத் தெரிந்தால் புடைத்தது. பிறகு கண்ணாடியை வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பி, முன்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். படம் எதுவும் விழக் கூடாது. வீட்டில் நீங்கள் முகம் மழிக்கிற வட்டக் கண்ணாடி குழிந்தது, அதை ஜன்னலைப் பார்க்கப் பிடித்துச் செய்தால் படம் விழும். அப்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். அது புடைத்த கண்ணாடியாக இருந்தால் நீங்கள் சொன்னது நிஜம், தம்பிக்கு அப்படித் தோன்றியிருக்கிறது, யாரும் பொய் சொல்லவில்லை. பதிமூன்றாம் தேதி எல்லோர் முன்னாலும் நானே எழுந்து நின்று சொல்வேன்.

ஆனந்தவல்லி


ராஜபாளையம்
29-6-2025

அன்புள்ள என் டீச்சருக்கு,

சொன்னபடி எல்லாம் செய்தேன். என் மானம் போனதுதான் மிச்சம்.

ஷெட்டில் பென்சிலும் கையுமாக வேன் கண்ணாடி முன்னால் நின்றேன். எட்வின் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்து, "அண்ணே, மண்டையில எதுவும் அடிபட்டிருச்சா?" என்றான். வீட்டம்மா சொன்ன பரிசோதனை என்றேன். "அப்போ செய்யுங்க, செய்யுங்க" என்று போய்விட்டான். அவனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டதே. பென்சில் சின்னதாக, நேராகத் தெரிந்தது. மில் காலண்டர் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து, முன்னால் கொண்டுபோனேன், பின்னால் கொண்டுபோனேன். ஒரு படமும் விழவில்லை. கையால் தடவியும் பார்த்தேன், நடுவில் நன்றாகப் புடைத்திருக்கிறது. இது தெரிய எனக்குப் பென்சில் தேவையில்லை, ஆனாலும் நீ சொன்னாய் என்று செய்தேன்.

வீட்டுக்கு வந்து முகம் மழிக்கும் கண்ணாடியை எடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலை மட்டும் திறந்து வைத்து, எதிரே நின்றுகொண்டு தாளைப் பிடித்தேன். முதலில் வெறும் வெளிச்சம். தாளை நகர்த்தி நகர்த்தி ஒரு முழத்துக்குக் கொண்டுவந்தால், ஏட்டி வல்லி, என்னத்தச் சொல்ல! ஜன்னல் கம்பி, வேப்பமரம், எதிர்வீட்டு நீலச் சுவர், எல்லாம் தாளில் விழுந்து கிடக்கிறது. கலரோடு. அதுவும் தலைகீழாக! எதிர்வீட்டுச் சண்முகத்தாய் மதினி குடத்தைத் தூக்கிக்கொண்டு தலைகீழாக நடந்து போகிறாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. நான் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வீட்டுல பொம்பள இல்லைன்னா இம்புட்டுக் கோட்டியா புடிக்கும்?" என்று பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனாள்.

பதினோரு வருடமாக அந்தக் கண்ணாடியில் தினமும் என் மூஞ்சியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இத்தனை நாள் இதை எனக்குக் காட்டாமல் ஊரான் பிள்ளைகளுக்கே காட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். கனி வந்ததும் முதல் வேலை அவளுக்குக் காட்டுவதுதான்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. மெய் பிம்பம் தலைகீழாக விழுகிறது, மாய பிம்பம் ஒழுங்காக நேராக நிற்கிறது. நேராக நிற்பது பொய், கவிழ்ந்து கிடப்பது நிஜம். நல்ல பாடம் நடத்துகிறாய் போ.

வேன் கண்ணாடி புடைத்ததுதான். நீ கேட்டதற்கு அதுதான் பதில்.

வேல்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3-7-2025

என்னங்க,

இந்த ஒரு மாதத்தில் நேற்றுத்தான் நன்றாகச் சாப்பிட்டேன். சண்முகத்தாய் மதினி தலைகீழாகப் போன கதையைக் கனிக்குப் படித்துக் காட்டினேன், அவள் பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜெயசித்ரா டீச்சரின் ஸ்கூட்டரில் இருப்பது புடைத்த கண்ணாடி. அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்னால் பத்தடியில் ஒரு பிள்ளையை நிற்க வைத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஸ்கூட்டரில் உட்கார வைத்து, திரும்பாமல் கண்ணாடியை மட்டும் பார்த்து எத்தனை அடி என்று சொல்லச் சொன்னேன். பதினெட்டு, இருபது, இருபத்தைந்து! ஒரு பிள்ளைகூடப் பத்து என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். நான் மட்டும் ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன், அது ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். வேன், கண்ணாடி, வெளிச்சம் வருகிற கோடு எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. கண்ணுச்சாமி பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர், பார்த்ததும் புரிந்துகொண்டார். "இந்தக் கண்ணாடியில நானே ஏமாந்திருக்கேன்" என்றார். அம்மாவும் இறங்கி வந்துவிட்டாள். நேற்று, "அவிய சாப்பாட்டுக்கு என்ன பண்ணுதாகளோ" என்று கேட்டாள். ஒரு மாதமாக இந்த வீட்டில் உங்களைப் பற்றி இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

தம்பியிடமும் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். "கண்ணாடியிலதான் பாத்தேன்னு மச்சான் எழுதிக் குடுக்கட்டும்க்கா. நான் ஒத்துக்கிடுதேன். நான் அங்க போய் நின்னதும் தப்புதான்" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வலி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் உட்கார்ந்து கேட்டால் நீங்கள் கத்திவிடுவீர்கள். அதனால் அரைப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்பினால் போதும், தாமே படித்துவிடுவதாகப் பெரியப்பா சொல்லிவிட்டார். கண்ணாடியைப் பார்த்துத்தான் வண்டியைப் பின்னால் எடுத்தேன், அதில் முத்துவீரன் தள்ளி நிற்பதாகத் தெரிந்தது, இடம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இவ்வளவுதான். பதிமூன்றாம் தேதிக்குள் என் கையில் கிடைக்க வேண்டும். அன்று சாயங்காலமே நானும் கனியும் பஸ் ஏறிவிடுவோம். பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன், இப்போதே ஏன் என்று அம்மா திட்டினாள்.

வீட்டைப் பெருக்கி வையுங்கள்.

உங்கள்,
வல்லி


ராஜபாளையம்
8-7-2025

வல்லி,

அந்த அரைப் பக்கத்தை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். நான்கும் அடுப்புக்குப் போய்விட்டது. இது ஐந்தாவது. நீ கேட்டது இது இல்லை.

கண்ணாடி நீ சொன்ன மாதிரிதான். அதில் பார்த்தால் பக்கத்தில் நிற்கிறவன் தூரத்தில் தெரிவான், அது சத்தியம். ஆனால் நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பதினோரு வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு ஒரு கண்ணாடி சரியில்லை என்று தெரிய ரெண்டு நாள் போதும். மாட்டின மறுநாளே ஷெட் சுவரில் இடிக்கப் பார்த்தேன். "எலே, என்னத்த மாட்டிவச்சிருக்க, எல்லாம் எட்டத்துல தெரியிது" என்று எட்வினைத் திட்டினேன். தட்டைக் கண்ணாடி விருதுநகரில் இருந்து வரட்டும், மாற்றித் தருகிறேன் என்றான். அந்த வாரம் முழுக்க ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் தலையை வெளியே நீட்டி, திரும்பிப் பார்த்துத்தான் எடுத்தேன். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தேன். அவனை நான் என் கண்ணால் நேரே பார்த்தேன். நாலடி, ஐந்தடிதான் இருக்கும். அவனும் என்னைப் பார்த்தான்.

அவன் சிரித்துக்கொண்டு, "வரலாம் மச்சான், வரலாம், ஒங்களுக்கு வந்ததே ரிவர்சுதான" என்றான். மே மாதம் மாரிச்சாமி வீட்டுக் காதுகுத்தில் பந்திக்கு நடுவில் அவன் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "எங்கக்கா டாப் கியர்ல போவுது, எங்க மச்சான் ரிவர்சுல போறாரு" என்றான். இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ படிக்கப் போன நாலு வருடமும் ரெட்டை ஷிப்டு ஓட்டினேன், அதை ஒரு நாளும் நான் சொல்லிக் காட்டியதில்லை, இப்போதும் அதற்காக எழுதவில்லை. ஆனால் நீ சிரித்தது எனக்குள் கிடந்தது. அன்றைக்குக் காலையில் அவன் அதே வார்த்தையைச் சொன்னதும், பயங்காட்டுவோம், துள்ளி ஓடட்டும் என்றுதான் நினைத்தேன். ஓடுவான் என்று நினைத்தேன். பின்னால் வாய்க்கால் சுவர் இருப்பது எனக்குத் தெரியும். என் வீட்டு வாசல், எனக்குத் தெரியாதா? பிரேக்கில் கால் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஓர் அடி தூரம் வண்டி போகும் நேரத்துக்கு வைக்கவில்லை. அவன் காலை உடைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. நீ நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ, "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டபோது, கண்ணாடி என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அதையே பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கேட்டு எழுதியபோதும் அதே பொய்யைத்தான் எழுதினேன். அதற்கு நீ படம் போட்டு, பிள்ளைகளை ஸ்கூட்டரில் உட்கார வைத்து, என் பொய்க்குக் கை கால் எல்லாம் வைத்துவிட்டாய். பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கே ஒரு நிமிடம் அது நிஜம் என்று தோன்றிவிட்டது. நல்ல பொய் வல்லி. அதை வைத்துக்கொண்டு காலம் முழுக்க இருந்துவிடலாம். நீ பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்த பிறகு முடியவில்லை. நீ வந்து என் பக்கத்தில் படுத்திருப்பாய், நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

உங்கள் தெரு முக்கில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பி வந்ததும் இதனால்தான்.

இதைப் பெரியப்பாவிடம் கொடுப்பதானால் கொடு. கிழித்துப் போடுவதானால் போடு. அந்த அரைப் பக்கத்தை மட்டும் என்னால் எழுத முடியாது. பதிமூன்றாம் தேதி நான் வீட்டில்தான் இருப்பேன். போலீசோடு வந்தாலும் இருப்பேன்.

வீட்டைப் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன்.

வேல்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-7-2025

கனி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பதினோராம் தேதி பள்ளிக்கூடத்து முகவரிக்கு வந்தது. ஸ்டாப் ரூமில் வைத்துப் படித்தேன். இப்படி ஒரு கடிதம் வந்தது வேறு யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் அந்த அரைப் பக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். உங்கள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், நானே ஒரு தாளில் அப்படிக் கிறுக்கி நீட்டியிருந்தாலும் பெரியப்பா நம்பியிருப்பார். ஒரு ராத்திரி முழுக்க அதையும் யோசித்தேன், பொய் சொல்வானேன்.

நேற்றுப் பெரியப்பா, "கடுதாசி வந்துச்சாம்மா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று உங்கள் கடிதத்தை முதல் வரியில் இருந்து படித்தேன். காதுகுத்தில் நான் சிரித்ததையும் படித்தேன். ஆமாம், சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள் என்று சிரித்தேன். நீங்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டதையும் பார்த்தேன், பார்த்தும் சிரித்தேன். அதை ஒருநாளாவது உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

படித்து முடித்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். "இப்பவே ஸ்டேஷனுக்குப் போவோம்" என்று பெரியப்பா எழுந்துவிட்டார். தம்பிதான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு மொத நாளே தெரியும்க்கா. அவரு தல வெளிய இருந்துச்சு, எம் மூஞ்சிய நேராப் பாத்தாரு. கண்ணாடிய எங்க பாத்தாரு? நீ படத்த வரைஞ்சிட்டு வந்து நின்னயில்ல, ஒம் மொகத்துல ஒரு மாசத்துக்குப் பொறவு சிரிப்பப் பாத்தேன். அதான் ஒத்துக்கிடுதேன்னு சொன்னேன்."

எனக்காக அவன் அந்தப் பொய்யை விழுங்கத் தயாராக இருந்திருக்கிறான். அதே பொய் வேண்டாம் என்று நீங்கள் எழுதினீர்கள். நான்தான் ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு இல்லாத ஒன்றைக் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். படத்தை அங்கேயே நாலாகக் கிழித்தேன். கணக்கில் தப்பு எதுவும் இல்லை.

போலீஸ் வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். அதனால் உங்களை மன்னித்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். இருபத்திரண்டாம் தேதி அவன் கூடப் படித்த பையன்கள் எல்லாம் ஓடப் போகிறார்கள். அவன் ஹால் டிக்கெட்டை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறான். மன்னிப்பு அவன் கொடுக்க வேண்டியது, அவனுக்காக நான் எழுதித் தர முடியாது. என் பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்பவும் கொடியில் போட்டுவிட்டேன். இப்போதைக்கு வரவில்லை. எப்போது என்று தெரியவில்லை. உங்கள் மீது எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் முன்பு போல யார் சொல்வது பொய் என்று தெரியாமல் புரண்டு படுப்பதில்லை. நேற்று ராத்திரி தூங்கினேன்.

இனி எழுத வேண்டாம். நேரில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. வாரா வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பியைக் கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆட்டோவில் ஏற்றினால் குலுக்கலில் துடித்துப் போகிறான். யாரைக் கூப்பிடுவோம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவனேதான் சொன்னான்: "எங் கால ஒடிச்சவரு வந்து தூக்கிட்டுப் போகட்டும்." சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அம்மா சொன்னபடியே நீங்கள் வாசலை மிதிக்க வேண்டாம், வண்டியை வாசல் வரைக்கும் கொண்டு வந்தால் போதும்.

வருகிற சனிக்கிழமை ஒன்பதரைக்கு எட்வினின் ஆம்னியைக் கொண்டு வாருங்கள். தெரு முக்கில் இருந்து ரிவர்சில்தான் வர வேண்டும், உங்களுக்குத் தெரியும். கண்ணாடியைப் பார்க்க வேண்டாம். தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பாருங்கள். வண்டிக்குப் பின்னால் நான் நிற்பேன்.

ஆனந்தவல்லி